அண்ணன் ஏன் துவக்கை மூடிக்கொண்டு போனார்

எனக்கு முன்னே பிறந்து, என்னைக் கேட்காமலே முன்னே போய்விட்ட என் அண்ணே,

இங்கே இந்த முறை மழை பிந்திவிட்டது. ஜெயபுரத்தில் பாதிப் பேர் இன்னும் விதைக்கவில்லை. உங்கள் மேட்டுக்காணியில் அண்ணி கச்சான் கடலை போடவில்லை. பன்றிக்குச் சாப்பாடு போட எனக்கு என்ன வேண்டுதலா என்று கேட்டுவிட்டு உழுந்து விதைத்திருக்கிறார். அதையும் மயில் கிண்டிக்கொண்டு திரிகிறது. யானை மட்டும் இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. நீங்கள் இல்லாத விசயம் அதற்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, பகிடி பண்ண ஆளில்லை என்று நினைத்திருக்கும்.

எங்கள் கமக்கார அமைப்பு, விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து, அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் அனுப்பப் போகிறது. சுடுகிற துவக்கைப் பற்றிய கடிதம். அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் வீட்டிலிருந்து வயலுக்குத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டால் போகலாமா, இல்லை வீட்டிலே பூட்டித்தான் வைக்க வேண்டுமா என்பதுதான் விசயம். முன்பள்ளி ரீச்சர் என்றபடியால் என் கையெழுத்து வடிவாக இருக்குமாம். எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நாலு நாளாகத் தாள் மேசையில் கிடக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் உங்களுக்குத்தான் கடிதம் வருகிறது.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் அண்ணே. அண்ணனுக்கு எழுதுவதை ஊருக்கு ஏன் காட்டுகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊர்தானே உங்களைப் பற்றிப் பேசியது. ஊரும் வாசிக்கட்டும்.

உங்களுக்குத் துவக்கு கிடைத்த நாள் நினைவிருக்கிறதா? அனுமதிப்பத்திரத்துக்காக அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை தரம் அலைந்திருப்பீர்கள்! கடைசியில் கிடைத்தது ஒரு பழைய இடியன். குழல் வாய்க்குள் வெடிமருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, பிறகு சுடவேண்டிய துவக்கு. அதைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தபோது அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இருவரும் பேசிக்கொண்டோம். தேயிலைத் தோட்டத்தில் துவக்கு துரையின் பங்களாவில்தான் இருக்கும், நம்முடைய ஆட்களின் கையில் கவ்வாத்துக் கத்திதான் என்று அவர் சொல்லுவார். அங்கே அடித்துத் துரத்தப்பட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறிய மனிதர் அவர். அதற்குப் பிறகு வன்னியில் நாங்கள் பார்க்காத துவக்கா? எல்லாப் பக்கத்துத் துவக்கையும் பார்த்தாயிற்று. எங்களுக்கென்று ஒன்று வந்தது, அதுவும் பன்றிக்காக.

எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாளே சொன்னேன். வைத்திருப்பதென்றால் அலுமாரிக்குள் பூட்டி வையுங்கள், ரோட்டில் கொண்டு திரிய வேண்டாம் என்றேன். பன்றியைக் கூட்டிக்கொண்டு வந்து அலுமாரிக்கு முன்னால் நிறுத்தட்டுமா என்று கேட்டீர்கள். வயல் இரண்டு கட்டை தூரம். போகும்போதும் வரும்போதும் கொண்டுதான் போகவேண்டும். இதை உங்களோடு எத்தனை நாள் வாதாடியிருப்பேன்!

"துவக்கு எண்டா நாலு பேருக்குத் தெரியவேணும், பிள்ளை" என்பீர்கள். "தெரிஞ்சாத்தான் நாலு பேர் கேப்பினம். வீட்டுக்க கிடக்கிறதை ஆர் கேக்கிறது?"

கேட்பது என்று நீங்கள் சொன்னது இங்கே எல்லோருக்கும் விளங்கும். வாசிக்கிற வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். இடியனில் ஒருமுறை மருந்தை இடித்துவிட்டால் அதைச் சுடாமல் லேசில் வெறுமையாக்க முடியாது. அதனால் இரவு காவலுக்கு இருந்துவிட்டு, ஒன்றும் சுடாமல் திரும்புகிறவன், வெடியைப் பற்றவைக்கிற சின்னச் செப்புத் தொப்பியை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். கேப்பு என்று சொல்லுவோம். துவக்கோடு வருகிறவனை ரோட்டில் யார் கண்டாலும் கேட்பார்கள், "கேப்பு?" என்று. அவன் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். தண்ணிக்குப் போகிற பொம்பிளை கேட்டாலும் காட்டவேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. துவக்கு வைத்திருக்கிற நாலைந்து பேரும் ஊரும் தங்களுக்குள் பழகிக்கொண்ட வழக்கம்.

தேத்தண்ணிக் கடைப் பரமு அண்ணன் உங்களை ஒருநாளும் கேட்காமல் விட்டதில்லை. நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கமுதலே கேட்டுவிடுவார். நீங்கள் ஏதோ மந்திரி கை காட்டுவது போலக் கையை விரிப்பீர்கள். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வரும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஊருக்குப் பாதிதான் தெரியும்.

எங்கள் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற சாந்தா அக்காவை உங்களுக்குத் தெரியும். அது அவருடைய பெயரல்ல. பெயரை மாற்றிப் போட்டு எழுது என்று சொன்னவரே அவர்தான். கடைசிப் போரில் முள்ளிவாய்க்காலில் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த மனுசி. அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். வந்தால் அடுப்பை மூட்டுவார், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து விடுவார், போவார்.

அன்று காலை பிள்ளைகள் தேவாரம் பாடி முடித்து வரிசையாக இருக்கிறார்கள். நீங்கள் காவல் முடிந்து சைக்கிளில் வருகிறீர்கள், துவக்கு தோளில். சாந்தா அக்கா கஞ்சிப் பானையோடு வெளியே வந்தார். பானை விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளை நிலத்தில் அமத்தி, அவர்களுக்கு மேலே குப்புறப் படுத்திருக்கிறார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். எழும்புங்கோ அக்கா, எங்கட அண்ணன்தான் என்று எத்தனை தரம் சொன்னேன். அவர் எழும்ப நெடுநேரம் ஆயிற்று. கஞ்சி பட்டுக் கால் வெந்திருந்தது. அதுகூடத் தெரியவில்லை அவருக்கு.

அன்று பின்னேரம் நான் உங்கள் வீட்டு வேலியில் நின்று போட்ட சண்டை. அண்ணி கிணற்றடியில் இருந்தார். அவருக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டேன். "உங்கட துவக்கு என்ர பள்ளிக்கூடத்துக்கு முன்னால தெரியக்கூடாது. அவ்வளவுதான்" என்றேன். ஒரு உரப்பையை நானே கழுவிக் காயவைத்து, வாய்க்கு நைலோன் கயிறு கோத்துக் கொண்டு வந்திருந்தேன். இதற்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். சாந்தா அக்கா விழுந்த கதையை யாரிடமும் எடுக்க வேண்டாம், அண்ணியிடமும் வேண்டாம், அந்த மனுசியை ஊர் பைத்தியம் என்று சொல்லும் என்றேன்.

நீங்கள் கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டீர்கள். வாழ்க்கையில் ஒருமுறையாவது என்னோடு எதிர்த்து நின்றிருக்கக்கூடாதா அண்ணே? எல்லாவற்றுக்கும் மறுகதை வைத்திருந்த உங்களுக்கு அன்று மட்டும் வாய் எங்கே போனது?

அதற்குப் பிறகு நீங்கள் பையோடுதான் வந்தீர்கள். சைக்கிளின் பாருக்குக் குறுக்கே உரப்பை கட்டியிருக்கும். மண்வெட்டியா, மரவள்ளித் தடியா, யாருக்குத் தெரியும்? ஒருவரும் நிற்பாட்டவில்லை. பரமு அண்ணனின் கடையையும் தாண்டிப் போகத் தொடங்கிவிட்டீர்கள். போய் இறங்கினால் அவர் கேட்பார், பையை அவிழ்க்கவேண்டி வரும், ஏன் மூடினாய் என்ற கேள்வி வரும். எனக்குத் தந்த சொல்லுக்காகத் தேத்தண்ணியையும் விட்டீர்கள். அண்ணி என்ன பை என்று கேட்டபோது பனி படாமல் இருக்க என்று சொன்னீர்களாம்.

மூன்று கிழமை. அதற்கு மேலே போகவில்லை.

அந்த இரவு யானை வந்ததால், துவக்கைச் சுடாமல் விடியவிடிய யானைவெடி கொளுத்தியிருக்கிறீர்கள். விடிந்ததும் கண் சொருகிப்போய்த் துவக்கைப் பைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். கேப்பைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். ஊர் முழுவதையும் கடந்து வந்தீர்கள். என் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் வந்தீர்கள். நான் கையைக் காட்டினேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். எத்தனை கண் உங்களைக் கண்டது! ஒரு வாய் கேட்கவில்லை.

முற்றத்தில் வைத்துப் பையிலிருந்து இழுத்தபோதுதான் வெடித்தது. நான் ஓடி வந்தபோது அண்ணி உங்கள் தலையை மடியில் வைத்திருந்தார். பொலிஸ் வருமுன்னே நான் பார்த்துவிட்டேன். துவக்கின் குதிரையில், கேப்பில் வந்து அடிக்கிற அந்த இரும்பில், என் நைலோன் கயிறு சுற்றிக் கிடந்தது.

அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அனுமதிப்பத்திரம் இருக்கிற ஆள் ஏன் துவக்கை மூடிக் கட்டிக்கொண்டு வந்தார் என்று பொலிஸ்காரர் அண்ணியைக் கேட்டார். அண்ணி எனக்குத் தெரியாது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னால் சாந்தா அக்காவுக்குத் தெரிந்துவிடும், தன் பயத்தால் ஒரு மனுசன் செத்தான் என்று. ஏற்கெனவே இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவரின் தலையில் இதையுமா வைப்பது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செத்தவீட்டிலேயே தொடங்கிவிட்டது. களவாக மான் சுடப் போயிருப்பான், இறைச்சி வித்திருப்பான், இல்லாவிட்டால் ஏன் மூடவேண்டும் என்றார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து சாப்பிட்டவர்களும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணிக்கு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. பனிக்கு என்று நீங்கள் சொன்ன பொய்யை அவர் மனதில் வைத்து எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு பொய் சொன்ன மனிதன் இன்னும் எத்தனை சொன்னானோ என்று ஒருநாள் என்னிடமே கேட்டார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

உங்கள் மகள் வவுனியாவில் படிக்கிறாளே, அவளிடம் அப்பா எப்படிச் செத்தவர் என்று கேட்டால் மாரடைப்பு என்று சொல்கிறாளாம். அவளுடைய சிநேகிதி ஒருத்தி வாயால் இதைக் கேட்டேன்.  ஆனாலும் சொல்லவில்லை அண்ணே. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பதினொரு மாதத்தை ஓட்டினேன்.

போன ஞாயிறு கூட்டம். உங்கள் இடத்தில் இப்போது அண்ணிதான் அமைப்பில் உறுப்பினர். பின்வரிசைக் கதிரையில் இருந்தார். சாந்தா அக்கா தேத்தண்ணி கொடுக்க வந்திருந்தார். வழக்கமான சண்டைதான். ரோட்டில் கொண்டுபோக விடாவிட்டால் துவக்கு எதற்கு, யானைக்குக் காகிதத்தையா காட்டுவது என்று ஒரு பக்கம். இந்த மண்ணில் துவக்கோடு நடந்தவர்களைப் பார்த்தது போதும், வீட்டில் பூட்டி வையுங்கள் என்று பெண்கள் பக்கம். வீட்டில் இருக்கிற துவக்குத்தான் குடிவெறியில் எடுக்க வசதி என்று இன்னொருவர். மூவர் சொன்னதும் சரி போலத்தான் எனக்கு இருந்தது.

அப்போது பரமு அண்ணன் எழும்பினார். துவக்கைத் திறந்து கொண்டு போனால் ஆபத்தில்லை, மூடிக் கொண்டு போனால்தான் ஆபத்து என்று உங்கள் பெயரை எடுத்தார், கணேசனையே பாருங்கோ என்றார். பிறகு குரல் உடைந்துபோய்ச் சொன்னார். "களவு இல்லாட்டி அவர் ஏன் மூடினவர்? எனக்கே காட்டாமல் போனவரெல்லோ."

உங்களை ஏசுகிறவன் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். சொன்னது உங்களோடு பத்து வருசம் தேத்தண்ணி குடித்த மனிதர். நான் எழும்பிவிட்டேன். பை என்னுடையது, கயிறு நான் கோத்தது, மூடச் சொன்னது நான் என்று சொன்னேன்.  

அண்ணி இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "ஏன் மூடச் சொன்னனி?"

 சாந்தா அக்கா தேத்தண்ணிக் கேத்திலோடு எனக்கு நேரே நிற்கிறார். பள்ளிக்கூடப் பெற்றோர் ஏசுவினம் என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேத்திலைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குப் பயம். அதுதான் மூடச் சொன்னது" என்றார் சாந்தா அக்கா. "அந்த மனுசன் எனக்காகத்தான் மூடினது."

அவருக்கு முதல் நாளே விளங்கியிருக்கிறது அண்ணே. சைக்கிளில் பையைக் கண்டதுமே இது எனக்காகத்தான் என்று நினைத்தாராம். நன்றி சொல்லவேண்டும் என்று மூன்று கிழமையாக எண்ணிக்கொண்டிருந்தாராம். நீங்கள் போனபிறகு, சொன்னால் நான் நொந்துபோவேன் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அவர் நொந்துபோவார் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரே குசினியில் ஒரே பானையைக் கிண்டிக்கொண்டு நின்றோம், இரண்டு பேரும்.

அண்ணி எழும்பி வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய்ச் சாந்தா அக்காவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். அண்ணி அழுததை அன்றுதான் பார்த்தேன். செத்தவீட்டில்கூட அவர் அழவில்லை. அவமானப்பட்டவளுக்கு அழவும் உரிமை இல்லை என்று இருந்திருக்கிறார் போல.

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

"அவரைச் சாகச் சொல்லி நீ குடுக்கேல்ல. அது எனக்கு விளங்குது. ஆனா பதினொரு மாசம் அவரைக் கள்ளனாக் கிடக்க விட்டிட்டாய்."

சாந்தா அக்காவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு கதை இல்லை. உழுந்துக் காணிக்குப் போகும் வழியில் என்னைக் கண்டால் ரோட்டின் மற்றக் கரையால் போகிறார். நான் அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

பரமு அண்ணன் மட்டும் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டே, பையென்றாலும் நான் நிற்பாட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்றார். கேட்கிறது என்ர வேலை, அவர் ஏன் இறங்கேல்ல எண்டாவது கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆளுக்கு ஆள் இப்படி உங்களைப் பங்குபோட்டுக்கொள்கிறோம்.

அரசாங்கத்துக்கான கடிதத்தில் என்ன எழுதுவது அண்ணே? துவக்கு ரோட்டில் தெரியவேண்டும், தெரிந்தால்தான் கேட்பார்கள் என்று நீங்கள் சொன்னதா? தெரிந்தால் சிலருக்கு உயிர் போய் வரும் என்று நான் கண்டதா? சாந்தா அக்காவிடம் கேட்டேன். வரும் நேரத்தை முன்னமே சொல்லிவிட்டால் தான் உள்ளே போய் இருந்துகொள்வாராம், சொல்லாமல் வருவதற்குத்தான் பயமாம். இவ்வளவு சின்ன விசயம். இதை அன்றே அவரிடம் கேட்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒரு மனுசியின் பயத்தை அவளிடமே கேட்காமல் நானே தீர்த்து வைக்கப் போனேன். எல்லாம் தெரிந்த ரீச்சர் அல்லவா நான்.

வருசம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. வழக்கப்படி நான்தான் முதல் நாளே போய்ச் சமையலுக்கு நிற்கவேண்டும். அண்ணி எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கூப்பிடும்வரை நான் வாசலுக்குப் போகமாட்டேன். படலைக்கு வெளியே நின்று உங்களைக் கும்பிடுவேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் அதற்குமுன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் நடந்ததை மகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அண்ணிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லைப் போலும். அது அவருடைய வேலையும் இல்லை. நாளைக்குக் காலை வவுனியா பஸ்ஸில் ஏறுகிறேன். உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அவளை முன்னால் இருத்தி வைத்துச் சொல்வேன், உன் அப்பா எங்கேயும் களவாகப் போகவில்லை, ஒரு மனுசி பயப்படக்கூடாது என்று அத்தை சொன்னதைக் கேட்டார், அதனால்தான் செத்தார் என்று. இனி யார் கேட்டாலும் அதையே சொல்லு என்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை அத்தை என்று கூப்பிடாமல் விட்டாலும் பரவாயில்லை. உங்களை அப்பா என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
தங்கச்சி செல்வி
ஜெயபுரம்